வெளுத்த குழந்தையும் வளைந்த அணுவும்

"குழந்தை வெளுத்துப் போயிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு தாய்மார்கள் மருத்துவமனைக்கு வருவது நாள்தோறும் காணும் காட்சி. குழந்தையின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தாலே போதும். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடக்கும். நாக்கும் உள்ளங்கையும் நகக்கண்ணும் அதையே சொல்லும். இரத்தம் குறைவு என்பதில் ஐயமில்லை. நம் நாட்டில் இக்குறைவுக்கு மிகப் பெரிய காரணம் உணவில் இரும்புச் சத்துப் போதாமை. அடுத்தது கொக்கிப்புழு. சில இடங்களில் மலேரியா. ஆகவே மருத்துவர் இரும்பு டானிக் எழுதிக் கொடுக்கிறார். புழுவுக்கு மருந்து தருகிறார். கீரையும் பயறும் முட்டையும் கொடுக்கச் சொல்கிறார். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு மூன்று மாதங்களில் நிறம் திரும்பி விளையாடத் தொடங்கிவிடுகின்றன.

நிறம் திரும்பாத குழந்தைகளைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன். டானிக் புட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகும். குழந்தை மட்டும் அப்படியே இருக்கும். இடையிடையே கண் மஞ்சளாகும். கைகால் வலிக்கிறது என்று அழும். இத்தகைய குழந்தையிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதன்று. எத்தகைய இரத்தம் இருக்கிறது என்பதாகும். அளவைக் கேட்பதோடு நின்றுவிட்டால், பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வந்த நோயொன்று நம் கண்ணெதிரே ஒளிந்துகொண்டுவிடும். அத்தகைய பரம்பரை இரத்த நோய்கள் பல உண்டு. அவற்றுள் நீலகிரி மலைப்பகுதியில் நான் குழந்தை மருத்துவனாகப் பணியாற்றியபோது அடிக்கடி கண்ட அரிவாள் அணுச் சோகை என்னும் நோயை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம் இரத்தத்துக்குச் செந்நிறம் தருவன சிவப்பணுக்கள். இவை வட்டமாக, நடுவில் சற்றுக் குழிந்து, மெத்தென்று இருப்பவை. மயிரிழையினும் மெல்லிய நுண்குழாய்களிலும் உடலை நெளித்துக்கொண்டு புகுந்து செல்லும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. ஒவ்வோர் அணுவும் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கிறது. அணுவின் உள்ளே ஹீமோகுளோபின் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. நுரையீரலிலிருந்து பிராணவாயுவைப் பெற்று உடலெங்கும் கொண்டு சேர்ப்பது அதுவே.

அரிவாள் அணுச் சோகையில் இந்த ஹீமோகுளோபினே மாறுபட்டது. பிராணவாயுவைச் சுமந்திருக்கும்வரை அது ஒழுங்காகவே இருக்கும். வாயுவை இறக்கிவைத்த பின்னர், ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளைப்போல் விறைத்துவிடும். அக்கம்பிகள் உள்ளிருந்து நெம்புவதால் வட்டமான அணு வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாளின் வடிவத்தை அடைகிறது. வளைந்த அணு விறைப்பானது. நுண்குழாய்களில் நெளிந்து போகத் தெரியாமல் அடைத்துக்கொள்கிறது. அடைத்த இடத்துக்கு அப்பால் இரத்தம் செல்லாமையால் தாங்க முடியாத வலி உண்டாகிறது. மேலும் அந்த அணு 120 நாட்கள் வாழ்வதில்லை; பத்து முதல் இருபது நாட்களுக்குள் அழிந்துவிடுகிறது. எலும்பு மச்சை எவ்வளவு வேகமாகப் புதிய அணுக்களை உண்டாக்கினாலும் ஈடு கொடுக்க முடிவதில்லை. வெளுப்பு இதனால் வருகிறது. அழிந்த அணுக்களின் கழிவுப்பொருளே கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. இரும்பு பற்றாமையால் வந்த குறை அன்றாதலின், இரும்பு கொடுத்து இதனைத் தீர்க்க இயலாது.

இந்நோய் மருத்துவ நூல்களில் ஏறிய வரலாறு சுவையானது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான கிரெனடாவிலிருந்து சிகாகோ நகரத்துக்குப் பல் மருத்துவம் படிக்கச் சென்ற ஓர் இளைஞர் 1904-இல் நோயுற்று மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய இரத்தத்தில் வளைந்து நீண்ட விந்தையான அணுக்கள் காணப்பட்டன. ஜேம்ஸ் ஹெரிக் என்னும் மருத்துவர் அதனை 1910-இல் எழுதி வெளியிட்டார். 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும், நோயுற்றவர்களின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்கிறது என்று காட்டி, நோயின் இருப்பிடம் ஒரு புரத மூலக்கூறே என்று நிறுவினர். பின்னர் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதையும் 1957-இல் கண்டுபிடித்தார். ஹீமோகுளோபினின் ஒரு வகைச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோத்தவைபோல் நிற்கின்றன. அவற்றுள் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அவ்விடத்தில் வாலின் அமர்ந்துவிட்டது. வேறுபாடு அவ்வளவே. நூற்று நாற்பத்தாறு மணிகளில் ஒரு மணி மாறியதன் விளைவாக ஒரு குழந்தையின் வாழ்வே மாறிவிடுகிறது.

இது ஏதோ அயல்நாட்டு நோய் என்று எண்ணிவிடலாகாது. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் நம் நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்தில் இவ்வியல்பு இருப்பதை வெளியிட்டனர். அதே ஆண்டில் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் இது காணப்பட்டதாக அறிக்கை வெளிவந்தது. இன்று மத்திய இந்தியா, ஒடிசா, குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய பகுதிகளின் பழங்குடி மக்களிடையே இது பரவலாகக் காணப்படுகிறது. தெற்கே நீலகிரியிலும் அதனை அடுத்த வயநாட்டிலும் உண்டு. பழங்குடியினர் அல்லாதாரிடத்தும் காணப்படுவதுண்டு.

இனி, குழந்தையிடம் இதனைக் கண்டறிவது ஏன் கடினமாகிறது என்பதைப் பார்ப்போம். முதற் காரணம், பிறந்த குழந்தை நலமாக இருப்பதுதான். கருவில் இருக்கும்போது குழந்தையின் உடலில் ஓடுவது வேறொரு வகை ஹீமோகுளோபின். அதனைக் கருநிலை ஹீமோகுளோபின் என்பர். குறைபாடுள்ள சங்கிலி அதில் இல்லை. ஆகையால் அணு வளைவதில்லை. பிறந்த பிறகும் சில மாதங்கள் இதுவே மிகுந்து நிற்கிறது. மெல்ல மெல்ல இது குறைந்து, மாறுபட்ட ஹீமோகுளோபின் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் அம்மையார், பிறந்த குழந்தைகளிடம் வளைந்த அணுக்கள் ஏன் அரிதாக இருக்கின்றன என்ற கேள்வியை எழுப்பி, கருநிலை ஹீமோகுளோபினே அவர்களைக் காக்கிறது என்று 1948-இல் உய்த்துணர்ந்தார். தாய்மார்கள் "ஆறு மாதம்வரை பூப்போல இருந்தான், அப்புறம் யார் கண் பட்டதோ" என்று சொல்வதன் உட்பொருள் இதுவே. பட்டது எவர் கண்ணும் அன்று; பிறவியில் கிடைத்த காவல் விலகியது.

நம் நாட்டு நோயாளிகள் பலரிடம் இக்கருநிலை ஹீமோகுளோபின் பிற்காலத்திலும் ஓரளவு தங்கியிருக்கிறது. அதனால் நோய் சிலரிடம் தணிந்து காணப்படும். ஆயின் எல்லோரிடமும் அப்படி அன்று. தணிந்து காணப்படுவதாலேயே கவனிக்கப்படாமல் போவதும் உண்டு.

காவல் விலகியதும் முதலில் தோன்றும் அடையாளங்களுள் ஒன்று, கையும் காலும் வீங்குதல். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு, புறங்கையும் புறங்காலும் விரல்களும் திடீரென்று வீங்கிக் கடுமையாக வலிக்கும். சிறு எலும்புகளுக்குள் இரத்த ஓட்டம் தடைப்படுவதே காரணம். குழந்தை தவழ மறுக்கும், கையைத் தொடவிடாது. சில நாட்களில் வீக்கம் தானாகவே வடிந்துவிடும். அதனால் எறும்பு கடித்தது, சுளுக்கிக்கொண்டது, எங்கோ விழுந்தது என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்வர். இரு கைகளும் இரு கால்களும் ஒருங்கே சுளுக்கிக்கொள்வதில்லை என்பதை மருத்துவராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் கண்ட ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். நீலகிரியின் மேற்குச் சரிவிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து அவனைக் கொண்டுவந்தார்கள். பதினான்கு மாதம் நிரம்பிய ஆண் குழந்தை. தாயும் தந்தையும், தந்தையைப் பெற்ற பாட்டியும் உடன் வந்திருந்தனர். வேறோர் இடத்தில் ஆறு மாதமாக இரும்பு டானிக் கொடுத்து வந்திருந்தார்கள். கைகால் வீக்கம் இருமுறை வந்து போயிருந்தது. கண்ணில் இலேசான மஞ்சள். இடது விலாவின் கீழே கையை வைத்து அழுத்தியபோது மண்ணீரல் இரண்டு விரற்கடை அளவு இறங்கியிருப்பது தெரிந்தது. "இவனுக்கு முன்னே பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டேன். தாய் தலை குனிந்துகொண்டாள். பாட்டியே விடை சொன்னார். முன்பு ஒரு பெண் குழந்தை இருந்ததாம். இரண்டு வயதில் ஒரு நாள் காலையில் காய்ச்சல் கண்டதாம். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டதாம். "இவள் வயிற்றில் பிறந்தவை தங்குவதில்லை" என்று அவ்வம்மையார் சொல்லி முடித்தார்.

நோய்க்குறி எது என்று தேடும் மருத்துவனுக்கு இந்த வரலாறு, உருப்பெருக்கியில் காணும் காட்சிக்கு ஒப்பான சான்று. மூன்று கேள்விகளை எவரும் கேட்கலாம். முன்பு குழந்தைகள் இறந்ததுண்டா? உறவில் எவருக்கேனும் ஓயாத மூட்டுவலியோ காமாலையோ உண்டா? டானிக் கொடுத்தும் குழந்தை தேறவில்லையா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும் இரத்தத்தின் வகையை அறியச் சோதனை செய்ய வேண்டும்.

சோதனைகளைப் பற்றி நேயர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அறியாமையால் விளையும் குழப்பம் மிகுதி. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி உருப்பெருக்கியில் பார்ப்பது முதற்படி. வளைந்த அணுக்கள் தென்பட்டால் ஐயம் வலுக்கும். தென்படாவிட்டால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அடுத்தது, இரத்தத் துளியோடு பிராணவாயுவை நீக்கும் ஒரு மருந்தைச் சேர்த்து மூடிவைத்துச் சற்று நேரம் கழித்துப் பார்ப்பது. வளையும் இயல்புடைய அணுக்கள் அப்பொழுது வளைந்துவிடும். மூன்றாவது, கரைசல் சோதனை. சிறு குழாயிலுள்ள மருந்து நீரில் இரத்தத்தைச் சில துளி விட்டு, குழாயின் பின்னே கோடிட்ட தாள் ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் இல்லை என்பது பொருள். நீர் கலங்கிக் கோடுகள் மறைந்தால் உண்டு என்பது பொருள். சிற்றூர்களில் முகாம் போட்டுச் செய்வதற்கு ஏற்ற எளிய சோதனை இது.

ஆயினும் இவ்வெளிய சோதனைகளுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் கருநிலை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால், நோய் இருந்தும் இல்லை என்று இவை பொய் சொல்லக்கூடும். இரண்டாவதாக, நோயாளி யார், நோயின்றி அக்கூற்றைத் தாங்கி நிற்பவர் யார் என்று இவை பிரித்துக் காட்டமாட்டா. இருவர் இரத்தத்திலும் நீர் கலங்கத்தான் செய்யும். எனவே எளிய சோதனையில் 'உண்டு' என்று வந்த ஒவ்வொருவருக்கும் ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் சோதனையைச் செய்தாக வேண்டும். மின்னோட்டத்தைக் கொண்டு பிரிப்பது பழைய முறை. இன்று கருவிக்குள் இரத்தக் கரைசலை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பிரிக்கும் முறை பல மருத்துவமனைகளில் வழக்கில் இருக்கிறது. தாங்கி நிற்பவரிடம் இயல்பான ஹீமோகுளோபினே மிகுதியாகவும், அரிவாள் ஹீமோகுளோபின் அதனினும் குறைவாகவும் இருக்கும். நோயுற்ற குழந்தையிடம் இயல்பானது அறவே இராது. பிறந்த இரண்டொரு நாளில் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைத் தடித்த தாளில் உலர்த்தி அனுப்பினாலும் இம்முறையால் கண்டுபிடித்துவிடலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. குழந்தைக்குப் பிறர் இரத்தம் ஏற்றிய பின்னர் சோதனை செய்தால், கொடுத்தவரின் இயல்பான ஹீமோகுளோபின் கலந்து வந்து, நோயுற்ற குழந்தையைத் தாங்கி நிற்பவர்போலக் காட்டிவிடும். ஆகவே ஏற்றுவதற்கு முன்னரே சோதனைக்கு வேண்டிய சிறிதளவு இரத்தத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் இது மறக்கப்பட்டால் ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருக்க நேரும். அல்லது மரபணுச் சோதனையை நாட நேரும்.

மேற்கூறிய குழந்தையின் சோதனையில் இயல்பான ஹீமோகுளோபின் காணப்படவில்லை. ஆயினும் அத்தோடு நோய் இன்னதென்று முடிந்துவிடாது. தந்தை வழியாக அரிவாள் இயல்பும், தாய் வழியாகத் தாலசீமியா என்னும் வேறொரு குறையும் வந்து கூடினாலும் சோதனைத் தாளில் ஏறக்குறைய இதே படம் விழக்கூடும். ஆதலால் பெற்றோர் இருவருடைய இரத்தத்தையும் பார்த்த பின்னரே முடிவு கூறுவது முறை. இருவரையும் சோதித்தோம். இருவருமே அரிவாள் இயல்பைத் தாங்கி நிற்பவர்கள் என்று தெரிந்தது.

அதனை அவர்களுக்கு எடுத்துரைக்க நான் கடையிலிருந்து கொஞ்சம் மொச்சை வாங்கி வரச் சொன்னேன். வெள்ளை மொச்சை நல்ல கூறு, கறுப்பு மொச்சை மாறிய கூறு என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொருவரிடமும் இரண்டு மொச்சை உண்டு. ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் உடையவர் நலமாகவே வாழ்வார்; அவரே தாங்கி நிற்பவர். இரண்டும் கறுப்பாயின் நோய். தாயின் கையில் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. தந்தையின் கையிலும் அவ்வாறே. ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று கொடுக்கிறார்கள். இரண்டும் வெள்ளையாக வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பாக வருவதற்கு நான்கில் இரண்டு. இரண்டும் கறுப்பாக வருவதற்கு நான்கில் ஒன்று. நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் வரும், ஒருமுறை வந்துவிட்டால் மற்ற மூன்றும் தப்பிவிடும் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு கருவிலும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது.

பாட்டி மொச்சைகளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தம் மகன் கையிலிருந்த கறுப்பு மொச்சையைச் சுட்டி, "இது இவனுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். "உங்களிடமிருந்தோ அவன் தகப்பனாரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும் அம்மா" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் எழுந்துவந்து, "என் இரத்தத்தையும் பாருங்கள்" என்று கையை நீட்டினார். சோதனையின் முடிவு என்னவாயினும், அன்றுமுதல் அந்த மருமகளை எவரும் குறை கூறவில்லை என்று பின்னர் அறிந்தேன். நோயைக் கண்டறிதல் என்பது குழந்தைக்கு மருந்து கிடைக்கச் செய்வதோடு நிற்பதன்று. வீட்டில் ஒருத்தியின்மேல் வீணாகச் சுமத்தப்பட்ட பழியை இறக்கிவைப்பதும் அதனுள் அடங்கும்.

சரி, தெரிந்துகொண்டதனால் என்ன பயன், இது தீராத நோயாயிற்றே என்று சிலர் கேட்பர். இக்கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு எனக்கு உண்டு. இந்நோயுள்ள குழந்தைகளின் மண்ணீரல் சிறுவயதிலேயே கெட்டுவிடுகிறது. இரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டும் உறுப்பு அது. அது கெட்டபின், நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் இரத்தத்தில் புகுந்தால் சில மணி நேரத்திலேயே உயிரைக் கொள்ளை கொண்டுவிடும். காலையில் காய்ச்சல் கண்டு மறுநாள் விடிவதற்குள் போய்விட்ட அந்தப் பெண் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதற்கும் இந்நோய்தான் இருந்தது என்று இன்று எவரும் உறுதி கூற முடியாது. அதன் இரத்தத்தை எவரும் பார்க்கவில்லை. ஆயினும் இந்நோய் கொல்லும் வழி அதுவே.

1986-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்கு நேரான விடை கூறுகிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட 215 குழந்தைகளை இரு பிரிவாக்கி, 105 பேருக்கு நாள்தோறும் இருவேளை பென்சிலினும், 110 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை உண்டவர்களில் 13 பேருக்கு இரத்தத்தில் கிருமி புகுந்தது, மூவர் இறந்தனர். பென்சிலின் உண்டவர்களில் இருவருக்கே கிருமி புகுந்தது, எவரும் இறக்கவில்லை. வேறுபாடு அத்துணைத் தெளிவாக இருந்தமையால், குறித்த காலத்துக்கு எட்டு மாதம் முன்னதாகவே ஆராய்ச்சியை நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். பென்சிலின் புதிய மருந்தன்று. கிடைத்தற்கு அரியதும் அன்று. எந்தக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதற்காகவே கண்டறிதல் வேண்டும். முதற் காய்ச்சல் வருவதற்கு முன்னரே கண்டறிதல் வேண்டும்.

மற்றோர் ஆபத்து, மண்ணீரல் திடீரென்று உப்பி, உடலிலுள்ள இரத்தத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்வது. ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1973 முதல் 1981 வரை ஒரு லட்சம் குழந்தைகளைப் பிறந்தவுடனே சோதித்து, நோயுற்றவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அங்குள்ள மருத்துவர்கள் தாய்மாருக்கே, குழந்தையின் இடது விலாவின்கீழ் விரலை வைத்து மண்ணீரலைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தனர். வழக்கத்தைவிடப் பெருத்திருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடிவர வேண்டும் என்பதே பாடம். அதனால் இவ்வகை இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. எழுத்தறிவு பெறாத தாயும் கற்கக்கூடிய பாடம் இது. நம் மலையூர்த் தாய்மார் அதனை மிக விரைவில் கற்றுக்கொண்டதை நானே கண்டிருக்கிறேன். தடுப்பூசிகளும் உண்டு. கருநிலை ஹீமோகுளோபினை மீண்டும் பெருக்கி வலியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்தும் உண்டு; அதனை மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும். எலும்பு மச்சை மாற்று சிகிச்சையால் முற்றிலும் குணமடைந்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்நோய் உள்ள குலங்களை ஏதோ குறையுடையவை என்று எவரும் கருதலாகாது. 1954-இல் அல்லிசன் என்னும் அறிஞர், அரிவாள் இயல்பைத் தாங்கி நிற்பவர்களுக்கு மலேரியாவின் கொடுமை குறைவு என்று ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து கூறினார். மலைக்காய்ச்சலுக்குப் பெயர்போன காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்கு ஒற்றைக் கறுப்பு மொச்சை கவசமாக இருந்தது. இரட்டையாகச் சேர்ந்தபோதுதான் அது நோயாயிற்று. முன்னோரைக் காத்த ஒன்றுக்காகப் பேரப்பிள்ளைகளை இழிவாக நோக்குவது அறியாமை.

இந்திய அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில், நாற்பது வயதுவரை உள்ள ஏழு கோடி மக்களைச் சோதிப்பதும், அவரவர் நிலையைக் காட்டும் அட்டை வழங்குவதும் அதன் திட்டம். நல்ல தொடக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் மலையூர்களில் பெரியவர்கள் என்னிடம் சொன்ன குறையொன்றை இங்கே கூறாமல் இருக்க முடியவில்லை. "வருகிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள், என்ன கண்டார்கள் என்று எங்களுக்குச் சொல்வதில்லை" என்பதே அக்குறை. முடிவை அவர்கள் மொழியில், அவர்கள் திண்ணையில் அமர்ந்து சொல்லாத சோதனை பாதிச் சோதனையே ஆகும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காத ஓர் இளைஞன் அதனைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவான். அல்லது பெண் தரமாட்டார்கள் என்று அஞ்சி மறைத்துவிடுவான். தாங்கி நிற்பவர் நோயாளி அல்லர். திருமணம் செய்துகொள்ளத் தடையுடையவரும் அல்லர். இருவரும் தாங்கி நிற்பவராக இருந்தால் முன்கூட்டியே அறிந்து, மருத்துவரிடம் கலந்து பேசி, கருவுற்ற தொடக்கத்திலேயே சோதனை செய்துகொள்ளவும், பிறக்கும் குழந்தையைப் பிறந்த அன்றே சோதிக்கவும் வழி உண்டு. இதனைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இறுதியாக, நேயர்கள் நினைவில் வைக்க வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக இரும்பு கொடுத்தும் குழந்தையின் வெளுப்பு மாறவில்லையானால், மேலும் ஒரு புட்டி வாங்குவதற்கு முன் இரத்தத்தின் வகையைச் சோதிக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். கைகள் இரண்டும் கால்கள் இரண்டும் ஒருங்கே வீங்கினால் சுளுக்கென்று விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் எளிய சோதனையில் 'இல்லை' என்று வந்தால் அதனை முடிவாகக் கொள்ளாதீர்கள். நோய் உண்டு என்று தெரிந்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், இரவாயினும் மழையாயினும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அக்குழந்தைக்குக் காய்ச்சல் என்பது எப்பொழுதும் அவசரமே. பெற்றோரில் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். இருவரிடமிருந்தும் வந்தாலன்றி இந்நோய் வருவதில்லை.

நான் கூறிய அந்தக் குழந்தைக்கு இருவேளையும் பென்சிலின் கொடுத்தவர் அவன் பாட்டிதான். காலையில் ஒன்று, விளக்கு வைத்தபின் ஒன்று. ஐந்து வயது நிரம்பும்வரை ஒரு வேளையும் தவறவில்லை. அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.